முறுக்கு எடுப்பதும் ஏற்றுவதும்

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 வந்துவிட்டால் தமிழகத்தின் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் ஓய்ந்துவிடும். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்ததை 2017இல் நீட்டித்தார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தின் ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் போன்ற துறைகளில் மீன் வரத்து நின்றுபோகும் இந்த நாள்களில்தான் மரவேலை சூடுபிடிக்கும். கரையேற்றிய படகில் உளுத்த பலகையைக் கழற்ற வேண்டும், புதுப் பலகை ஏற்ற வேண்டும், இடுக்கில் பஞ்சு திணித்து அடைக்க வேண்டும், வண்ணம் பூச வேண்டும். தடை நீங்கும் நாளுக்குள் படகு தண்ணீரில் இறங்கியாக வேண்டும் என்பதால் படகு கட்டும் தச்சர்களான ஓடாவிகளுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.

மரப்படகின் முன்பக்கத்தை ஒருமுறை கிட்டே போய்ப் பாருங்கள். நடுப்படகில், அடிப்பக்கத்தில், ஏறக்குறையக் கிடையாகப் படுத்திருக்கிற ஒரு பலகையைக் கண்ணால் தொடர்ந்து வாருங்கள். படகின் முன்முனையான அணியத்தை நெருங்க நெருங்க அது மெல்ல எழும். படகின் மூக்கில் நிற்கும் கட்டையைத் தொடும்போது கிட்டத்தட்டச் செங்குத்தாக நிற்கும். சில அடி நீளத்துக்குள் அந்தப் பலகை கால்வட்டத்தை ஒட்டித் திரும்பியிருக்கிறது. வெறும் வளைவு அங்கே உதவாது, பலகை முறுகியே ஆக வேண்டும். வாளில் நேராக அறுபட்டு வந்த மரத்துக்கு ஓடாவி முறுக்கு ஏற்றுகிறார்.

மரத்தில் வில் செய்கிறவருக்கு வேலை இதற்கு நேர் எதிர். காட்டிலிருந்து வந்த கட்டை முறுகியிருக்கும். அந்த முறுக்கை அவர் எடுக்க வேண்டும். ஒருவர் ஏற்றுவதும் மற்றவர் எடுப்பதும் ஒரே அறிவியலால்தான் நடக்கின்றன. இருவரும் காக்கிற விதியும் ஒன்று: மரத்தின் வடிவத்தை மாற்று, நாரை அறுக்காதே. ஏன் அந்த விதி, அது எப்படிச் சாத்தியம், எங்கே சாத்தியமில்லை என்று பார்ப்போம்.

வில் நமக்கு அந்நியமான பொருள் அல்ல. சேரர் கொடியில் இருந்தது வில். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் பனை, மூங்கில், மரம், கொம்பு என்று செய்பொருளை வைத்தே வில்லை நான்காகப் பிரிக்கிறது. 1802இல் தலக்கல் சந்துவும் எடச்சேன குங்கனும் வயநாட்டின் பனமரத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையைத் தாக்கியபோது அவர்களோடு சென்ற குறிச்சியப் பழங்குடியினர் கையில் இருந்தது வில்லும் அம்பும்தான். போர் போன பிறகும் தென்மாவட்டக் கோயில் கொடைகளில் வில் நிற்கிறது. வில்லுப்பாட்டுக்கான பெரிய வில்லுக்குப் பனை வைரம் நல்ல மரம். பனை இந்த வரிசையில் தனி இனம். அது ஆண்டுதோறும் வளையம் வைத்துப் பருக்கும் மரமல்ல. தண்டுக்குள் கறுத்த நார்க்கட்டுகள் நீளவாக்கில் தனித்தனியாக ஓடுகின்றன, வெளிவட்டத்தில் நெருங்கி, உள்ளே கலைந்து. அதனால்தான் பனையின் வெளிப்பக்கம் இரும்பாகவும் நடுப்பக்கம் சோறாகவும் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் பேசப்போகும் முறுக்குத் தொல்லை பெரும்பாலும் மற்ற மரங்களுக்கு உரியது.

முறுகிய வில்லால் என்ன கேடு? பிடிக்கு இருபுறமும் நீளும் வில்லின் கை அகலம் கூடியதாகவும் கனம் குறைந்ததாகவும் சீவப்படும். நாணை இழுக்கும்போது அது கனம் குறைந்த திசையில் மட்டும் மடங்க வேண்டும். கை முறுகியிருந்தால் நாண் இழுக்கும் திசையும் கை மடங்க விரும்பும் திசையும் ஒன்றாக இருப்பதில்லை. நுனி பக்கவாட்டில் ஒதுங்கும். ஒதுங்கிய நுனியை நாண் இன்னும் ஒதுக்கும். பாதி இழுப்பில் சிறிதாகத் தெரிந்த முறுக்கு முழு இழுப்பில் பெருகிவிடும். அம்பு நேராகப் போகாது என்பது இதில் சின்னக் குறை. நாண் நுனியிலிருந்து வழுக்கி, சேர்ந்திருந்த ஆற்றல் முழுவதும் வில்லின் மீதே திரும்பினால் வில் உடையும், இழுத்தவர் முகமும் தப்பாது.

முறுக்கை அளக்கத் தச்சர்களிடம் ஓர் எளிய வழி உண்டு. நேராக இழைத்த இரண்டு சட்டங்களைக் கட்டையின் இரு முனைகளிலும் குறுக்கே வைத்து, ஒரு கண்ணை மூடி, முன்சட்டத்தின் மேல்விளிம்பு வழியாகப் பின்சட்டத்தைப் பார்ப்பார்கள். இரண்டு விளிம்பும் ஒன்றோடொன்று படிந்தால் முறுக்கு இல்லை. ஒன்று சாய்ந்து தெரிந்தால் எவ்வளவு, எந்தப் பக்கம் என்பது உடனே விளங்கும். சட்டம் நீளமாக இருக்க இருக்கச் சிறு சாய்வும் பெரிதாகக் காட்டும். பல லட்ச ரூபாய் இயந்திரம் வைத்திருக்கிற பட்டறையிலும் இதைவிட வேகமாக முறுக்கைக் காட்டும் கருவியை நான் பார்த்ததில்லை.

முறுக்கு எங்கிருந்து வருகிறது? மரம் வளரும்போதே வருகிறது. பட்டைக்குக் கீழே இருக்கும் வளர்படலம் ஒவ்வோர் ஆண்டும் புதிய நார்ச்செல்களை அடுக்குகிறது. அவை தண்டுக்கு நேர் இணையாக அடுக்கப்படுவது அபூர்வம். கொஞ்சம் சாய்ந்து, துறையில் சுருட்டி வைத்திருக்கும் வடத்தின் புரிகளைப்போல, தண்டைச் சுற்றிக்கொண்டே மேலேறுகின்றன. சாய்வு இரண்டு மூன்று டிகிரியாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. கூடினால் பட்டை உரிந்து காய்ந்த மரத்தின் வெடிப்புகளில் பட்டவர்த்தனமாகத் தெரியும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்தபோது புதுக்கோட்டை மாவட்டத்தில் சாய்ந்த மரங்களுக்குக் கணக்கில்லை. அப்படிக் கிழிந்து நிற்கும் மரங்களைப் பார்த்தால், சில நேராகப் பிளந்திருக்கும், சில தண்டைச் சுற்றிச் சுற்றிப் பிளந்திருக்கும். பின்னவைதான் முறுக்கு மரங்கள்.

இதை மரத்தின் கோளாறு என்று சொல்வது நம் தேவையை வைத்துச் சொல்வது. மர அறிவியலர் ஹான்ஸ் கூப்ளர் 1991இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் வேறு விளக்கம் தந்தார். நார் நேராக ஓடினால் ஒரு பக்கத்து வேர் எடுக்கும் நீர் அதே பக்கத்துக் கிளைக்கு மட்டும்தான் போகும். நார் சுற்றி ஓடினால் ஒரு வேரின் நீர் பல திசைக் கிளைகளுக்கும் பகிர்ந்து போய்ச் சேரும். ஒரு பக்க வேர் காய்ந்தாலும் அந்தப் பக்கத்துக் கிளை பட்டுப்போகாது. காற்றில் முறியாமல் வளைந்து கொடுக்கவும் அந்தச் சுற்று உதவுகிறது. வறட்சியும் புயலும் மாறி மாறி வரும் நிலத்தில் இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது.

வெட்டிய பிறகுதான் சிக்கல். பச்சை மரத்தில் நீர் இரண்டு இடத்தில் இருக்கிறது, செல்களின் உட்குழியிலும் செல்சுவருக்குள்ளும். குழியில் உள்ள நீர் போகும்போது மரம் எடை குறையும், வடிவம் மாறாது. மரத்தின் உலர் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு என்ற அளவுக்கு ஈரம் இறங்கிய பிறகு செல்சுவரிலிருந்து நீர் வெளியேறத் தொடங்கும். அப்போது மரம் சுருங்கும். எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை என்பதுதான் எல்லாக் கோணலுக்கும் வேர். முழுதாக உலர்வதற்குள் வளையத்தை ஒட்டிய திசையில் பொதுவாக 6 முதல் 10 விழுக்காடு வரை சுருங்கும். நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் அதில் ஏறக்குறையப் பாதி. நீளவாக்கில் 0.1 அல்லது 0.2 விழுக்காடு, அதாவது இல்லை என்றே சொல்லலாம். நாரின் நீளம் மாறாமல் தண்டின் சுற்றளவு மட்டும் குறைந்தால் சுற்றியோடும் நார் எங்கே போகும்? கட்டையையே திருப்பிக்கொள்ளும். மரத்தின் நடுவில் இருக்கும் நெட்டிக்கு அருகே அறுத்த பலகை அதிகமாக முறுகுவதும் இதனால்தான். ஒரே அளவு சாய்வு சின்ன வட்டத்தைச் சுற்றும்போது திருப்பம் கூடுகிறது. வில்லுக்குக் கட்டை தேர்கிறவர்கள் பருத்த மரத்தின் வெளிப்பக்கத்தை விரும்புவதற்கு இது ஒரு காரணம்.

நம் ஊர் மரங்கள் பலவற்றில் இன்னொரு சேதி உண்டு. வேம்பு, வாகை, புன்னை இவற்றில் நார் சில ஆண்டு இடப்பக்கம் சாய்ந்து சுற்றும், பிறகு சில ஆண்டு வலப்பக்கம் சுற்றும். அடுக்குக்கு அடுக்கு திசை மாறுவதால் ஒன்றின் முறுக்கை மற்றது ஓரளவு அடக்கிவிடும். ஆனால் இழைப்புளி போடும் தச்சருக்குத் தலைவலி. ஒரு பட்டை வழுவழுவென்று வரும், பக்கத்துப் பட்டை சிலும்பிக்கொண்டு நிற்கும். இப்படிப் பின்னிய நாருள்ள மரம் எளிதில் பிளக்காது, ஆணியைத் தாங்கும், படகுக்கு நல்லது. வில்லுக்கு அது ஆகாது. வில்லுக்கான கட்டையை வாளால் அறுப்பதைவிட ஆப்பு அடித்துப் பிளப்பதே மேல். பிளவு நாரின் வழியே போகும். அப்போதுதான் ஒரு முனையில் தொடங்கும் நார் மறுமுனை வரை அறுபடாமல் ஓடும்.

நார் அறுபடாமல் ஓடுவது ஏன் இவ்வளவு முக்கியம்? வில்லை வளைக்கும்போது இலக்கைப் பார்த்திருக்கும் முதுகுப் பக்கம் இழுபடுகிறது, வில்லாளியைப் பார்த்திருக்கும் வயிற்றுப் பக்கம் அமுங்குகிறது. மரம் நார்த் திசையில் மிக வலியது, நாருக்குக் குறுக்கே மிக நொய்யது. இழுவிசையில் இந்த வேறுபாடு பல மடங்கு. முறுகிய கட்டையை வாளால் நேராக அறுத்துவிட்டால் வில் நேராகத் தெரியும். ஆனால் நார் முதுகின் மேற்பரப்பில் சாய்வாக வந்து முடிந்திருக்கும். அந்த முடிவில் ஒரு சிம்பு கிளம்பும், சிம்பு வழியே வில் பிளந்துகொண்டு போகும். ஆகவே முறுக்கை வாளால் தீர்க்கக் கூடாது. நார் அப்படியே இருக்க, கட்டை மொத்தத்தையும் திருப்ப வேண்டும்.

கெட்டியான மரத்தைத் திருப்ப முடியுமா? அதற்கு மரத்தின் உள்ளே போக வேண்டும். மரத்தின் எடையில் 40 முதல் 50 விழுக்காடு செல்லுலோஸ். இது நீண்ட இழை. இழைகள் கற்றையாகி, செல்சுவருக்குள் அவையும் சுருளாகச் சுற்றியிருக்கின்றன. சுவரின் மிகத் தடித்த அடுக்கில் இந்தச் சுருளின் சாய்வு முதிர்ந்த மரத்தில் குறைவு, இளமரத்தில் கூடுதல். அதாவது தண்டில் நாம் காணும் முறுக்குக்குள் ஒவ்வொரு செல்லிலும் இன்னொரு முறுக்கு இருக்கிறது. இழைகளுக்கு இடையே ஹெமிசெல்லுலோஸ். இவை எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கும் பசை லிக்னின். இழுவிசையைத் தாங்குவது செல்லுலோஸ். இழையோடு இழை நழுவாமல் பார்த்துக்கொள்வது லிக்னின்.

இந்தப் பசை சூட்டில் இளகும். எந்தச் சூட்டில் என்பதைக் கனடாவின் வேதியியலர் டேவிட் கோரிங் 1963இல் அளந்து காட்டினார். மரத்திலிருந்து பிரித்தெடுத்த லிக்னின் உலர்ந்திருந்தபோது ஏறத்தாழ 130 முதல் 190 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் இளகியது. ஈரம் ஏறியபோது அந்த வரம்பு ஐம்பது அறுபது டிகிரி கீழே இறங்கிவிட்டது. ஈரம் நிறைந்த மரத்துக்குள்ளேயே வைத்துப் பார்த்தால் கொதிநிலைக்குக் கீழேயே இளக்கம் தொடங்கிவிடுகிறது. ஹெமிசெல்லுலோஸ் ஈரத்தில் இன்னும் எளிதில் இளகும். செல்லுலோஸ் மட்டும் எதற்கும் அசையாது, ஈரம் அதன் படிக அடுக்குக்குள் புக முடியாது. ஆக, ஈரமும் சூடும் சேர்ந்தால் இழைகள் வலுவோடு இருக்கும்போதே அவற்றைப் பிடித்திருக்கும் பசை மட்டும் பிடி தளர்கிறது. இழைகள் ஒன்றின்மேல் ஒன்று சற்று நழுவி இடம் மாறலாம். ஆறியதும் பசை மறுபடி இறுகி, புது இடத்திலேயே அவற்றை நிறுத்திவிடும்.

கோணலை நிமிர்த்துவதைவிட முறுக்கை எடுப்பது சுலபம் என்று கைப்பழக்கம் உள்ளவர்கள் சொல்வார்கள். இயற்பியலும் அதையே சொல்கிறது. ஒரு பொருளை வளைத்தால் ஒரு பக்கத்து இழை நீள வேண்டும், மறுபக்கத்து இழை குறுக வேண்டும். முறுக்கும்போது பெரும்பாலும் இழைகள் ஒன்றையொன்று உரசி நழுவினால் போதும். எஃகில் நீள இழுப்பை எதிர்க்கும் விறைப்பு, நழுவலை எதிர்க்கும் விறைப்பைப்போல ஏறத்தாழ 2.6 மடங்கு. மரத்தில் அது 14 முதல் 16 மடங்கு வரை. மரம் தன் விறைப்புக்கு ஏற்ற அளவில் முறுக்கை எதிர்ப்பதே இல்லை. அந்தக் கொஞ்ச எதிர்ப்பும் லிக்னினை நம்பியே இருக்கிறது. லிக்னினைச் சூடாக்கினால் அதுவும் போய்விடும்.

இனி வேலைக்கு வருவோம். உலர்ந்த கட்டையை முதலில் வில்லின் வடிவத்துக்குக் கிட்டத்தட்டச் சீவிவிட வேண்டும். முழுக்கட்டையாக வைத்துக்கொண்டு முறுக்கோடு மல்லுக்கட்டுவது வீண். தட்டையான கை ஒன்றின் முறுக்கு விறைப்பு அதன் கனத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். கனத்தைப் பாதியாக்கினால் திருப்பத் தேவையான விசை எட்டில் ஒன்றாகிவிடும். சூடும் உள்வரை சீக்கிரம் இறங்கும். மரம் வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும் பொருள். மேல்தோல் கருகும்போது உள்ளே வெதுவெதுப்புக்கூட வந்திருக்காது. ஆகவே அவசரப்பட்டால் வெளியே கரியும் உள்ளே விறைப்புமாக முடியும்.

சிலம்பக் கம்பு நிமிர்த்துவதைப் பார்த்தவர்களுக்கு அடுத்த படி புதிதல்ல. கோணல் மூங்கிலுக்கு எண்ணெய் தடவி, தணலுக்கு மேல் உருட்டி உருட்டி வாட்டி, மரக்கவையில் கொடுத்து நிமிர்த்துவார்கள். வில்லின் கையிலும் அதேபோல எண்ணெயோ கொழுப்போ தடவ வேண்டும். அது மேல்தோலில் ஓரிடம் மட்டும் சட்டென்று காய்ந்து கருகாமல் காக்கிறது, சூட்டைப் பரவலாக்குகிறது. பிடிப்பக்கத்தை இடுக்கியில் இறுக்கிவிட்டு, முறுக்கு தொடங்கும் இடத்துக்கு அப்பால் கையின் குறுக்கே ஒரு கழியைக் கட்டிக்கொள்ள வேண்டும். அந்தக் கழிதான் நெம்புகோல். தணலோ சூடான காற்றை ஊதும் கருவியோ, எதுவானாலும் முறுக்குள்ள பகுதி முழுவதும் முன்னும் பின்னுமாகப் பொறுமையாக வாட்ட வேண்டும். கழியில் மெல்லக் கை வைத்தபடியே இருந்தால், சில நிமிடத்தில் மரம் விட்டுக்கொடுப்பது கையிலேயே தெரியும். இறுகி நின்றது ஒரு கணத்தில் தளரும். அப்போது வேண்டிய அளவுக்குச் சற்று கூடுதலாகவே திருப்ப வேண்டும், ஏனென்றால் கொஞ்சம் பின்வாங்கும். திருப்பியதைக் கட்டியோ எடை தொங்கவிட்டோ அப்படியே நிறுத்தி, முழுதாக ஆறும்வரை விடக் கூடாது. வெளியே குளிர்ந்தாலும் உள்ளே சூடு இருக்கும். கையைச் சீக்கிரம் எடுத்தால் லிக்னின் இறுகுமுன் மரம் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும்.

சூட்டுக்கு எல்லை உண்டு. 150 டிகிரிக்கு மேல் நீண்ட நேரம் போனால் ஹெமிசெல்லுலோஸ் சிதையத் தொடங்கும், மரம் பழுப்பாகி நொறுங்கும் தன்மை பெறும். அமுங்கும் வயிற்றுப் பக்கத்துக்குச் சற்றுக் கூடுதல் வாட்டல் நல்லது, அது கெட்டிப்படும். இழுபடும் முதுகுப் பக்கத்தைக் கருக்கினால் வில் போயிற்று. வாட்டி முடித்த அன்றே நாண் ஏற்றிப் பார்க்கவும் கூடாது. சூட்டில் மரத்தின் ஈரம் அளவுக்கு மீறிக் குறைந்திருக்கும். 8 முதல் 10 விழுக்காடு ஈரம்தான் வில்லுக்கு ஏற்றது. காற்றிலிருந்து அந்த ஈரத்தை அது திரும்ப எடுத்துக்கொள்ளச் சில நாள் நிழலில் கிடக்க வேண்டும்.

உலர்ந்த, கனம் குறைந்த மரத்துக்குத் தணல் போதும். கனத்த மரத்துக்கும் பச்சை மரத்துக்கும் நீராவி வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் ஆவி என்பது உலகம் முழுக்கத் தச்சர்கள் வைத்திருக்கும் கணக்கு. ஆவியில் வெந்த மரம் அமுங்குவதில் காட்டும் தாராளம் வியப்பானது. நல்ல மரம் நீளத்தில் 25 முதல் 30 விழுக்காடு வரைகூட அமுங்கிக் கொடுக்கும். நீள்வதிலோ 1 அல்லது 2 விழுக்காட்டைத் தாண்டினால் கிழியும். நாற்காலி செய்த மைக்கேல் தோனெட் இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டவர். வளைவின் வெளிப்பக்கத்தில் எஃகுப் பட்டை ஒன்றை இறுக்கிக் கட்டி, மரம் நீளவே முடியாதபடி செய்துவிட்டு வளைத்தார். நீள வேண்டிய பக்கம் நீளாமல் நிற்க, மற்றதெல்லாம் அமுங்கியது. 1859இல் அவர் பட்டறை வெளியிட்ட 14ஆம் எண் நாற்காலி உலகமெங்கும் உணவகங்களில் போய் உட்கார்ந்ததற்கு அந்தப் பட்டையே காரணம்.

எல்லா முறுக்கையும் எடுத்தாக வேண்டும் என்பதில்லை. இங்குதான் கைவேலைக்காரரின் தீர்ப்பு வேண்டும். கை முழுக்க மெதுவாக, சீராக ஓடும் சிறு முறுக்கு, நாண் மையத்தில் விழுகிறது என்றால், இருந்துவிட்டுப் போகட்டும். ஒரே இடத்தில் திடீரென்று திரும்பும் முறுக்குதான் ஆபத்து. கணுவை ஒட்டி நார் ஒதுங்கிப் போகும் இடத்தைத் தீயில் திருத்தப் போனால் வெடிப்பதற்கே வாய்ப்பு அதிகம், அங்கே மரத்தைக் கூடுதலாக விட்டுவைத்து நாரைப் பின்தொடர்ந்து சீவுவதே வழி. 1545இல் மூழ்கி 1982இல் தூக்கப்பட்ட இங்கிலாந்தின் மேரி ரோஸ் போர்க்கப்பலில் 137 முழு விற்கள் கிடைத்தன. ஊசியிலை மரமான யூவில் செய்த அந்த விற்களிலும் கணு உள்ள இடங்களில் மரத்தைச் சற்று மேடாக விட்டுவைத்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் வில் செய்து குவித்த அந்தப் பட்டறைக்காரர்கள், எல்லாவற்றையும் ஒரே மட்டமாக வழித்துவிடும் அவசரத்துக்கு இடம் கொடுக்கவில்லை.

நாரின் வழியே போவது வில்லுக்கு மட்டும் உரிய பாடமல்ல. புதுக்கோட்டைச் சீமையின் வளரி என்ற எறிகருவியை எடுத்துக்கொள்ளுங்கள். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதிகளில் புதுக்கோட்டைத் திவான் அதைப் பற்றி எழுதியனுப்பிய குறிப்பு இருக்கிறது. பிறை வடிவம், ஒரு முனை கனம், வைரம் பாய்ந்த மரத்தில் செய்வது, சிலபோது இரும்பிலும் செய்வது என்று விவரிக்கிறது. நேரான பலகையில் பிறையை வரைந்து அறுத்தால் வளைவின் இரு முனைகளிலும் நார் குறுக்கே வெட்டுப்படும், ஓங்கி எறிந்து தரையில் மோதினால் அங்கேயே முறியும். வளைந்து வளர்ந்த கிளையிலிருந்து எடுத்தால் நாரும் பிறையாகவே ஓடும். படகின் விலா எலும்பான வங்குக்குக் கருவேலத்தின் வளைந்த கிளையைத் தேடுவதிலும் இதே கணக்குத்தான். மரம் தானே வளைந்து கொடுத்ததற்கு நிகராகத் தீயாலும் ஆவியாலும் செய்ய முடியாது.

பாக் நீரிணையின் இந்தக் கரைக்கு வங்கு விஷயத்தில் தனிப் பெருமையும் உண்டு. அதிராம்பட்டினம் பகுதியின் வத்தை என்ற பாய்ப்படகை ஷான் மக்ரெயில் தலைமையிலான கப்பல் தொல்லியலர்கள் ஆராய்ந்தார்கள். தெற்காசியப் படகுகள் பற்றிய அவர்களுடைய நூல் 2003இல் வந்தது. முதலில் வங்குகளை நிறுத்தி, பிறகு அவற்றின் மேல் பலகை போர்த்தும் முறை அது. வங்குகளின் வடிவத்தை ஓடாவிகள் கணக்குப்போட்டு முன்கூட்டியே வரைந்துவிடுகிறார்கள். வரைபடத்தாளும் கணினியும் இல்லாமல் செய்யும் அந்த வடிவியலுக்கும் நடுக்கால மத்தியதரைக்கடல் கப்பல் கட்டுமானத்துக்கும் உள்ள ஒற்றுமையை அந்த ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். பள்ளிப் பாடநூலில் இடம்பெற வேண்டிய செய்தி இது.

இப்போது அணியத்துப் பலகைக்குத் திரும்பலாம். வங்கு நின்றாயிற்று, அதன்மேல் முறுகிப் படிய வேண்டிய பலகை நனைந்திருக்கிறது அல்லது வாட்டப்பட்டிருக்கிறது. கயிறும் கட்டையும் ஆப்புமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி வங்கோடு சேர்க்கிறார்கள். முழுச் சூடு கிடைக்காவிட்டாலும் இதற்கு உதவும் இன்னோர் இயல்பு மரத்தில் உண்டு. ஆஸ்திரேலியாவின் ஆர்ம்ஸ்ட்ராங், கிங்ஸ்டன் இருவரும் 1960இல் நேச்சர் இதழில் இதை அறிவித்தார்கள். மரத்தின் மேல் பளு இருக்கும்போதே அதன் ஈரம் மாறினால், வெறும் பளுவில் வருவதைவிட மிக அதிகமாக அது வடிவம் மாறிவிடுகிறது. ஈரப்பலகையை இறுக்கிக் கட்டி அப்படியே காயவிட்டால், நீர் வெளியேறும் ஒவ்வொரு நாளும் மரம் அந்த முறுக்குக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பணிகிறது. கட்டு அவிழ்த்த பிறகு முழுதாகத் திரும்புவதில்லை. ஒரே நாளில் அடித்து முடிக்காமல் இறுக்கிவிட்டுக் காத்திருப்பதில் நேரம் வீணாகிறது என்று நினைப்பவர்களுக்கு இதுதான் பதில். காத்திருக்கும்போதும் வேலை நடக்கிறது.

படகுக்கும் வில்லுக்கும் ஒரு பெரிய வேறுபாடு இதற்குப் பிறகுதான். பலகையை ஆணி பிடித்திருக்கிறது, வங்கு தாங்கியிருக்கிறது. கடல்நீரில் நனைந்து லிக்னின் சற்றுத் தளர்ந்தாலும் நம் கடலின் 30 டிகிரிச் சூட்டில் அது இளகப்போவதில்லை. இளகினாலும் பலகை திரும்பிப்போக இடமில்லை. வில்லைப் பிடிக்க ஆணி இல்லை. திருத்திய முறுக்கு நிலைத்திருப்பது ஈரத்தைப் பொறுத்தது. மரம் காற்றின் ஈரப்பதத்துக்கு ஏற்பத் தன் ஈரத்தைச் சரிசெய்துகொண்டே இருக்கும். 30 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காடாக இருந்தால் மரம் 9 விழுக்காடு ஈரத்தில் நிலைகொள்ளும். ஈரப்பதம் 80 ஆனால் 15 விழுக்காட்டைத் தாண்டிவிடும். சித்திரையில் உள்நாட்டில் வாட்டித் திருத்திய வில் ஜெகதாப்பட்டினத்துக் கடற்காற்றில் ஒரு மழைக்காலம் கிடந்தால், எடுத்த முறுக்கில் ஒரு பகுதி திரும்பி வரும். இழுவையும் தளர்ந்துபோகும்.

ஆகவே கட்டையை எந்த ஊரில் பயன்படுத்தப்போகிறோமோ அந்த ஊர்க் காற்றிலேயே உலர்த்துவது நல்லது. முடித்த வில்லுக்கு எண்ணெயும் மெழுகும் போட்டால் ஈரம் ஏறுவது மெதுவாகும், நிற்காது. ஐப்பசி, கார்த்திகை கழிந்ததும் இரண்டு சட்டங்களையும் மறுபடி எடுத்து முனைகளில் வைத்துப் பார்க்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்து தெரிந்தால் அதே இடத்தை இன்னொருமுறை வாட்டி, இந்தத் தடவை சற்றுக் கூடுதலாகத் திருப்பி ஆறவிடலாம். வாட்டிய இடத்தில் முதுகுப் பக்கம் மயிரிழை வெடிப்பு ஏதும் தெரிந்தால், எவ்வளவு நல்ல கட்டையாக இருந்தாலும், அதில் நாண் ஏற்றக் கூடாது.